வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்குச் சுமந்து செல்ல எந்த மடிக்கணினி?

மும்மொழியாள்:

வணக்கம். பதின்மூன்று வருடங்களாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்கிறேன். பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், விவாகப் பதிவு, காணி உறுதி, வழக்கேடு என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து பக்கம் வரை தட்டச்சுச் செய்ய வேண்டும். காலையில் வெள்ளவத்தையில் வீட்டு மேசையில் வேலை. அதன் பின் 101ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை வரை போய், அங்கிருந்து புதுக்கடையில் உள்ள சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்துக்குச் செல்வேன். அங்கே எனக்கென்று தனி மேசை கிடையாது. யாராவது வழக்குக்குப் போயிருந்தால் அவருடைய மேசை, இல்லாவிட்டால் என் மடி.

இப்போது கையில் இருப்பது, ஐந்து வருடங்களுக்கு முன் வீட்டுப் பாவனைக்கென்று விற்கப்பட்ட மெல்லிய வகை. முதலில் இடது பக்கக் கீல் இறுகித் திரையின் ஓரத்தைப் பிளந்தது. அதை ஒட்டிச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே, ஆங்கில விசைப்பலகையில் அரைப்புள்ளி இருக்கும் விசை வேலை செய்யாமல் போனது. பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட இழப்பு என்று விளக்கத் தேவையில்லை. மெய்யெழுத்தின் புள்ளி அங்கேதான் இருக்கிறது. திருத்தக் கொண்டுபோன இடத்தில், விசைப்பலகை மேல்மூடியோடு சேர்த்து அறையப்பட்டிருப்பதால் மூடி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றும், அந்தப் பாகம் இப்போது வருவதில்லை என்றும் சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். ஒரு புள்ளிக்காக ஒரு கணினியையே தூக்கி வைக்க வேண்டியதாயிற்று.

என்னிடம் 2 இலட்சம் ரூபா இருக்கிறது. அதற்கு மேல் இயலாது. பாவித்த லெனோவோ திங்க்பேட் டி480 ஒன்றை 1 இலட்சத்துக்குள் வாங்கலாம் என்கிறான் தம்பி. கூட வேலை செய்கிறவரோ, பிறர் பாவித்ததை ஏன் வாங்க வேண்டும், அந்தக் காசுக்குக் கொஞ்சம் கூட்டிப் புதிதாக வாங்குங்கள் என்கிறார். ‘பிஸ்னஸ் லப்டொப்’ என்று கடைகளில் சொல்கிறார்களே, அது உண்மையிலேயே வேறு பொருளா, அல்லது விலையை ஏற்றுவதற்கு வைத்த பெயரா? வைத்திருப்பவர்கள் அதன் நன்மையோடு, அன்றாடம் அது தரும் எரிச்சலையும் மறைக்காமல் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய திருகாணி:

வணக்கம் அக்கா. பம்பலப்பிட்டியில் பதினாறு வருடங்களாக மடிக்கணினி திருத்துகிறேன். உங்கள் கேள்விக்குப் பாதி விடையை உங்கள் பழைய கணினியே சொல்லிவிட்டது. வீட்டு வகைக்கும் அலுவலக வகைக்கும் உள்ள வேறுபாட்டைச் செயலியில் தேடக் கூடாது. இரண்டிலும் அநேகமாக ஒரே இன்டெல் சில்லுதான் இருக்கும். வேறுபாடு திருகாணியில் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஐந்நூறு கணினிகளை ஒரே தடவையில் வாங்கும்போது, ஒரு விசை பழுதானதற்காக ஐந்நூற்றில் ஒன்றை எறிவதற்கு அது உடன்படாது. ஆகவே பாகங்களை வருடக்கணக்கில் கிடைக்கச் செய்வதும், கழற்றிப் பூட்டும்படி அமைப்பதும் தயாரிப்பாளரின் வியாபாரத்துக்கே அவசியமாகிறது. லெனோவோ, டெல், எச்பி ஆகிய மூன்றும் தங்கள் அலுவலக வகைகளின் திருத்தக் கையேடுகளை எவரும் இறக்கிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. டி480இல் திருகாணிகளை இளக்கினால் விசைப்பலகை மட்டும் தனியாகக் கையோடு வந்துவிடும்; தாய்ப்பலகையைத் தொட வேண்டியதில்லை. தேநீர் குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிடலாம்.

ஆனால் அலுவலக வகை எல்லாமே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்1 கார்பன் போன்ற மெல்லியவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜீபியில் வாங்கினால் ஆயுள் முழுக்க 8 ஜீபிதான். டி480இல் நினைவகத்துக்கு இரண்டு பொருத்துமிடங்கள் உண்டு. டி480எஸ் என்று கடைசியில் ஓர் எழுத்துக் கூடினால் பொருத்துமிடம் ஒன்றாகக் குறையும், மீதி பற்றவைத்தது, கழற்றும் பற்றரியும் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் விற்பனையாளர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். பெட்டியில் உள்ள எழுத்தையும் விலைச்சீட்டில் உள்ள எழுத்தையும் நம்பாமல், கணினியின் அடிப்பக்கத்தில் உள்ளதை வாசியுங்கள்.

பாவித்ததில் இறங்குவதானால், இன்டெல் செயலியின் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகவே வேண்டாம். இதற்கு இரண்டு காரணங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்குரிய செயலிகளின் பட்டியல், இன்டெலைப் பொறுத்தவரை, ஏறத்தாழ எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அதனால்தான் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இப்போது மலிவாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றிலும் விண்டோஸ் 11ஐ எப்படியோ ஏற்றிக் கொடுப்பார்கள். பார்ப்பதற்கு நன்றாகவே ஓடும், ஆனால் அடுத்த பெரிய இற்றைப்படுத்தலுக்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டாவது காரணம், ஐ5 என்ற பெயர் ஒன்றாயினும் உள்ளே இருப்பது ஒன்றல்ல: ஏழாம் தலைமுறையின் ஐ5-7200யூ இரண்டு கருக்கள், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் கணிப்புப் பகுதிகள், கொண்டது, எட்டாம் தலைமுறையின் ஐ5-8250யூ நான்கு கருக்கள் கொண்டது. டி480, டெல் லட்டிடியூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் 2018இல் வந்த, எட்டாம் தலைமுறைச் செயலி கிடைக்கும் மொடல்கள். உங்கள் வேலைக்கு எது நல்ல நிலையில் அகப்படுகிறதோ அது போதும்.

கடையில் நிற்கும்போது ஓட்டப் பரிசோதனை எதுவும் வேண்டாம். முதலில் கணினியை அணைத்து மீண்டும் போட்டு, லெனோவோவாயின் எஃப்1, டெல்லாயின் எஃப்2, எச்பியாயின் எஃப்10 விசையை அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போங்கள். கடவுச்சொல் கேட்டால், அல்லது உள்ளே போயும் எதையும் மாற்ற விடாவிட்டால், அது பழைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் கழற்றப்படாத இயந்திரம். திங்க்பேட்டில் அந்த மேற்பார்வைக் கடவுச்சொல், உள்ளே இருக்கும் சிறு பற்றரியைக் கழற்றினால் அழிந்துபோகும் வகையல்ல. “பரவாயில்லை, நாங்கள் பிறகு எடுத்துத் தருகிறோம்” என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

அடுத்தது பற்றரி. விண்டோஸிலேயே பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளை இருக்கிறது. அதைக்கொண்டு பற்றரி அறிக்கை எடுத்தால், புதிதாய் இருந்தபோது எவ்வளவு கொண்டது, இப்போது நிரப்பினால் எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்கள் வரும். டி480இல் பற்றரி இரண்டு: உள்ளே 24 வாட்மணி, பின்னால் கழற்றக்கூடியது 24, 48 அல்லது 72 வாட்மணி. உள்பற்றரி நன்றாக இருந்தால், கணினியை அணைக்காமலேயே பின்பற்றரியைக் கழற்றி வேறொன்றைப் போடலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நேரத்தில், மேலதிகப் பற்றரி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வேலையை முடித்த வாடிக்கையாளர்கள் எனக்கு இருந்தார்கள். பிறகு வந்த டி490இலேயே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், மெல்லியதாக வேண்டுமாம்.

கடைசியாக, வெற்றுக் கோப்பொன்றைத் திறந்து எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். யூஎஸ்பி-சி வாயிலில் சார்ஜரைக் குத்தி, வயரை மெதுவாக அசைத்தால் மின்னேற்றம் விட்டுவிட்டு வருகிறதா என்று கவனியுங்கள். அந்த வாயில் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது; திருத்தலாம், ஆனால் மலிவாகத் திருத்த முடியாது.

பாமினிக் கை:

திருகாணி அண்ணா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நானும் தட்டச்சுத்தான் தொழில். இங்கே வரும் பாவித்த கணினிகள் எந்த நாட்டிலிருந்து வந்தவை என்பது விசைப்பலகையிலேயே தெரியும். ஜேர்மன், அரபு, ஜப்பான் விசைப்பலகைகளில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். விசையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது நம் போன்றவர்களுக்குப் பொருட்டே அல்ல; பார்த்தா தட்டுகிறோம்? பொருட்டாவது விசையின் வடிவமும் இடமும். அமெரிக்க அமைப்பில் இடது ஷிப்ட் நீளமானது. பிரித்தானிய, ஜேர்மன் அமைப்புகளில் அந்த ஷிப்டைக் குறுக்கி, அதன் பக்கத்தில் இன்னொரு விசையைச் செருகியிருப்பார்கள். பாமினியில் கு, மு, து, பு எல்லாம் ஷிப்டோடு வருபவை. நீள ஷிப்டில் பத்து வருடம் பழகிய சுண்டுவிரல், குறுகிய ஷிப்டில் முதல் ஒரு மாதம் அந்தப் புதிய விசையின் மேல் போய் விழும்; சொல்லின் நடுவே குறி விழுந்து, சரிபார்க்கும்போதுதான் கண்ணில் படும். ஜப்பான் வகையில் இடைவெளிவிசையைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். அதை வாங்கவே வேண்டாம்.

உங்கள் அரைப்புள்ளி விசை முதலில் போனதும் தற்செயல் அல்ல. தமிழ் வாக்கியம் ஒன்றில் எத்தனை மெய்யெழுத்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், அத்தனை தடவை அந்த விசையை வலது சுண்டுவிரல் குத்துகிறது. சிங்களத்தில் விஜேசேகர அமைப்புக்கு மாறினால் அதே விசையில் ‘த’ என்ற எழுத்து இருக்கிறது. அங்கே புள்ளியின் வேலையைச் செய்யும் ஹல் குறி மட்டும் இடது கைப்பக்கம் போய்விடும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிற ஒருவர் வருடத்துக்கு நாலு தடவை தொடும் விசையை நாம் நாளுக்கு ஆயிரக்கணக்கில் அடிக்கிறோம். எனவே பாவித்த கணினியைப் பார்க்கும்போது, முன்பு வைத்திருந்தவர் எங்கே தேய்த்திருக்கிறார் என்று பார்ப்பதில் பயனில்லை. நீங்கள் எங்கே தேய்ப்பீர்கள் என்பதுதான் கணக்கு. திங்க்பேட் விசைகளின் நடுவில் இலேசான குழிவு உண்டு, விரல் தானாக அமரும். அதைவிடத் தட்டையான விசைகளில் நான் பிழை கூடுதலாக விடுகிறேன். இது என் கைப்பழக்கமாகவும் இருக்கலாம்.

விசைப்பலகையின் நடுவில் இருக்கும் சிவப்புக் குமிழைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மடியில் வைத்துத் தட்டும்போது, கையை எடுக்காமல் சுட்டியை நகர்த்துவதற்கு அதைவிட வசதியான ஒன்றை நான் காணவில்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்:

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே தீர்மானியுங்கள். இரண்டு வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் பாவித்த அலுவலகக் கணினி ஒன்றை வாங்கினேன். பயோஸ் திறந்திருந்தது, பற்றரி நன்றாக இருந்தது, கீறல்கூட இல்லை. மூன்றாம் மாதம் வேகம் குறைந்ததாகத் தோன்றியதால், விண்டோஸை முழுமையாக அழித்து மீண்டும் நிறுவினேன். வைஃபை இணைத்த மறுகணம், ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லி வரவேற்று, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டது திரை. பழைய உரிமையாளர் தம் பதிவேட்டிலிருந்து அந்தக் கணினியை நீக்காமலே கழித்துவிட்டிருக்கிறார். அதை நீக்க அவர்களால்தான் முடியும். விற்ற கடைக்காரர், கொடுத்த ஒரு மாத உத்தரவாதம் முடிந்துவிட்டது என்றார். பற்றுச்சீட்டில் தொடரிலக்கமும் எழுதப்பட்டிருக்கவில்லை, ஆகவே அது தான் விற்ற கணினிதானா என்றுகூடக் கேட்டார். வாசலில் நின்று வாதாடிக் களைத்ததுதான் மிச்சம்.

ஆகவே என் எண்ணம் வேறு. புதிதாக வாங்குங்கள், ஆனால் அலுவலக வகையின் கீழ்ப்படியில் வாங்குங்கள். திங்க்பேட் ஈ வரிசை, எச்பி புரோபுக், லட்டிடியூட் 3000 வரிசை ஆகியவை அப்படிப்பட்டவை. 2025 ஜனவரியில் டெல் நிறுவனம் பெயர்களை மாற்றிவிட்டது. புதியவற்றில் லட்டிடியூட் என்ற பெயர் இல்லாமல் டெல் புரோ என்றுதான் இருக்கும், குழம்ப வேண்டாம். விலை கேட்கும்போது 18 சதவீதப் பெறுமதி சேர் வரி உட்படவா என்று முதலிலேயே கேளுங்கள். பட்டியலில் ஒரு விலையும் பற்றுச்சீட்டில் ஒரு விலையும் வருவதற்கு அநேகமாக அதுதான் காரணம். 2 இலட்சம் ரூபா போதாமல் போகலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் கடைசியில் 2 இலட்சத்து 60 ஆயிரம் கொடுத்தேன், மனைவியின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து.

ஏழாம் மாடி ஐரி:

நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில், மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை நண்பருக்கு நேர்ந்தது எப்படி நேர்கிறது என்றால், நாங்கள் மூன்று அல்லது நான்கு வருடத்துக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாகக் கழிக்கிறோம். வன்வட்டை அழிப்பதில் காட்டும் கவனத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதில் எல்லோரும் காட்டுவதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வாங்கும் முன் கடையிலேயே விண்டோஸை அழித்து நிறுவச் செய்து, இணையத்தோடு இணைத்துப் பார்ப்பதுதான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், கடைக்காரர் முகம் சுளிப்பார்; பக்கத்தில் பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டு வாருங்கள். தொடரிலக்கத்தைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டுப் பார்த்தால், உத்தரவாதம் எப்போது தொடங்கியது என்பது தெரிந்துவிடும். “இரண்டு வருடம்தான் பாவித்தது” என்பது எந்த அளவுக்கு உண்மை என்பதும் அதோடு தெரியும்.

எரிச்சல்களைக் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊழியர்களிடமிருந்து வரும் முறைப்பாடுகளில் முதலிடம் திரைக்குத்தான். அலுவலக வகைகளின் அடிப்படைத் திரை 250 நிட் வெளிச்சமே உள்ளது. குழல்விளக்கின் கீழ் போதும், ஜன்னலோரம் போதாது. நிறங்களும் வெளிறித் தெரியும். உங்களுக்கு நிறம் தேவையில்லை, ஆனால் மங்கிய முத்திரையுள்ள பழைய உறுதியொன்றின் வருடிய படத்தை வாசிக்க வேண்டியிருந்தால் கண் வலிக்கும். டி480 மொடலிலேயே தெளிவு குறைந்த 1366க்கு 768 புள்ளித் திரையும் வந்திருக்கிறது. அதைத் தவிர்த்து 1920க்கு 1080 உள்ளதையே எடுங்கள். கமராவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல்.

அடுத்த முறைப்பாடு புதிய கணினிகளுக்கு உரியது. மூடியைச் சாத்திப் பையில் போட்டால் பழைய கணினி நன்றாக உறங்கும். இப்போது வருபவற்றில் பல, கைத்தொலைபேசியைப் போல இணையத்தோடு தொடர்பை வைத்துக்கொண்டே அரைத்தூக்கத்தில் இருக்கும்படி செய்யப்பட்டவை. பையைத் திறந்தால் கணினி சுடும், பற்றரி பாதியாகியிருக்கும். மூடியைச் சாத்தும்போது உறக்கநிலைக்குப் பதிலாக நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணையும் நிலைக்குப் போகும்படி அமைத்தால் இது தீரும். திறக்கும்போது சில வினாடிகள் கூடுதலாகப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். கொழும்பு பஸ் நெரிசலில் பையை மார்போடு அணைத்து நிற்கிறவருக்கு இது சிறிய விடயமல்ல. டி480 பழைய முறையிலேயே உறங்கும் இனம் என்பதால் அந்தத் தொல்லை இராது.

இன்னொன்று, இது எரிச்சல் அல்ல, கடமை. உங்களிடம் இருப்பவை பிறருடைய உறுதிகளும் விவாகரத்து வழக்கேடுகளும். அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் வரும் விண்டோஸ் புரோ பதிப்பில், வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் என்ற வசதி இருக்கிறது. அதைச் செயற்படுத்தினால், பஸ்ஸில் கணினி களவு போனாலும் உள்ளே உள்ளவற்றை வாசிக்க முடியாது. ஆனால் அது தரும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கடதாசியில் அச்சிட்டு வீட்டில் வையுங்கள். தாய்ப்பலகை மாற்றினாலோ, சில வேளை பயோஸை இற்றைப்படுத்தினாலோ, அந்த எண்ணைக் கேட்கும். அதைக் கணினிக்குள்ளேயே சேமித்து வைத்துவிட்டு எங்களிடம் ஓடிவந்த மேலாளர் ஒருவரை நான் இன்னும் மறக்கவில்லை.

கடலோரக் குடியிருப்பு:

மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறேன், ஆகவே இரண்டு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த கணினிகளோடு இருமுனை ஐரோப்பிய வயரைக் கொடுப்பார்கள். அதை முனை மாற்றும் அடப்டரில் செருகிப் பாவித்தால், உலோக உடல் உள்ள கணினியில் மணிக்கட்டு படும் இடத்தில் மெல்லிய கூச்சம் தெரியும். அது சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கி வழியாக வரும் நுண்ணிய கசிவு. போவதற்குப் புவித்தொடுப்பு இல்லாததால் உங்கள் கையைத் தேடுகிறது. உருகியுள்ள 13 அம்பியர் சதுரமுனை வயரை வாங்கி, சார்ஜரின் மும்முனைத் துளையில் பொருத்துங்கள், நின்றுவிடும். கடற்காற்றைப் பொறுத்தவரை, அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கும் கணினிதான் சீக்கிரம் பச்சை பிடிக்கும். தினமும் பாவித்துச் சூடேறும் கணினி தாக்குப்பிடிக்கும். நுளம்புச்சுருளை மட்டும் விசிறியின் பக்கம் கொளுத்த வேண்டாம்.

மும்மொழியாள்:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை, கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவுக்குத் தம்பியோடு போய், ஏறத்தாழ நாள் முழுவதும் அங்கேயே நின்றேன். முதலில் காட்டிய டி480இன் பயோஸ் கடவுச்சொல் கேட்டது. இரண்டாவது, வெளியே கண்ணாடிபோல் இருந்தது. அறிக்கையில் 48 வாட்மணிப் பற்றரி 19இல் நின்றது, விலையைக் குறைக்கிறேன் என்றும் வேண்டாமென்று வந்துவிட்டேன். மூன்றாவது கடையில் இருந்ததின் மூடியில் நீளமாக ஒரு கீறல். அமெரிக்க விசைப்பலகை, நீளமான ஷிப்ட், 1080 திரை, 16 ஜீபி நினைவகம். விண்டோஸை அழித்து நிறுவிக் காட்டச் சொன்னபோது கடைக்காரத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் செய்தார். எந்த நிறுவனமும் வரவேற்கவில்லை. 98,000 ரூபா கேட்டார், 94,000க்கு முடிந்தது. ஆறு மாத உத்தரவாதம். தொடரிலக்கத்தைப் பற்றுச்சீட்டில் என் கண் முன்னாலேயே எழுத வைத்தேன்.

கொட்டாஞ்சேனை ஐயாவின் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. கையிருப்பு இன்னும் 1 இலட்சம் இருந்திருந்தால் புதிதாகத்தான் வாங்கியிருப்பேன். இது 2018ஆம் ஆண்டு மொடல், மூன்று நான்கு வருடங்களுக்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

இந்த ஒரு கிழமையில் கண்ட எரிச்சல்கள்: இடது கீழ் மூலையில் கன்ட்ரோல் விசை இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் விசை இருக்கிறது. இரண்டு நாளாகப் பிரதி எடுக்கிறேன் என்று நினைத்து எதையுமே எடுக்காமல், ஒட்டும் இடத்தில் பழைய வாக்கியமே வந்து விழுந்தது. ஒருவருடைய பிறந்த திகதிக்குள் இன்னொருவருடைய பிறந்த இடம் போயிருக்கும், நல்ல வேளையாகக் கண்டுவிட்டேன். பயோஸில் இரண்டையும் இடம் மாற்றும் தெரிவு இருப்பதைத் தம்பி கண்டுபிடித்தான். திரை மங்கல்தான், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராமல் இடத்தை மாற்றிக்கொண்டேன். பின்னால் பெரிய பற்றரியையும் சேர்த்தால் பை கனக்கிறது. 101இல் நின்றுகொண்டு வரும் நாட்களில் தோள் சொல்லும்.

திருகாணித் தம்பியிடம் ஒரு கேள்வி: இதே மொடலுக்கு அமெரிக்க விசைப்பலகை ஒன்றை இப்போதே வாங்கி வைப்பது அறிவுள்ள செயலா, அல்லது பழுதாகும்போது பார்த்துக்கொள்ளலாமா?

பழைய திருகாணி:

இப்போதே வாங்கி வையுங்கள் அக்கா. இன்னும் கிடைக்கிறது, இரண்டு வருடம் கழித்துக் கிடைக்குமா என்பதற்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். சிவப்புக் குமிழுக்கு ஓட்டை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் என்னைப் போன்ற யாரிடமாவது கொடுத்து ஒரு தடவை பூட்டி, எல்லா விசையும் வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டுப் பழையதை மீண்டும் போடுங்கள். அலமாரியில் வைத்த பாகம் பழுது என்பது மூன்று வருடம் கழித்துத் தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

மும்மொழியாள்:

அப்படியே செய்தேன். புதிய விசைப்பலகை, 48 இலக்க எண் அச்சிட்ட கடதாசி, பாமினி எழுத்துரு உள்ள பென்டிரைவ் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, வீட்டுக் காணி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.